கூடையில் மாற்றி வைத்த குட்டி

எங்கள் ஊர் முயல் வேட்டையில் எனக்கென்று ஓர் இடம் இருப்பதாக வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த இடம் என் நாயுடையது என்பது நாய் செத்த வருஷம்தான் தெரிந்தது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் இருக்கும். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். நெருப்பெரிச்சல் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். மெஷினில் ஊசி உடைந்தால் துணியில் ஏணி மாதிரி ஓட்டை இறங்கிக்கொண்டே போகும். மற்றவர்கள் ஓட்டையைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்துவார்கள். நான் ஊசி உடைந்துவிடுமோ, உடைந்துவிடுமோ என்று எட்டு மணி நேரமும் அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அதனால் என் மெஷினில் செகண்ட்ஸ் என்கிற பழுதுத் துணி விழுவது குறைவு. "கவலைப்படறதுக்குக் கூலி குடுக்கற எடத்தத் தேடிப் புடிச்சிருக்கறீங்க" என்பாள் வீட்டுக்காரி.

பொங்கலுக்கு மூன்றாம் நாள் பூநோம்பி. பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு ஆவாரம்பூப் பறிக்கப் போவார்கள். ஆண்கள் தடியெடுத்துக்கொண்டு கொறங்காட்டுக்குப் போவோம். ஆடு மாடு மேய்வதற்கென்றே விட்ட புல்காடு அது. நாலு பக்கமும் கிளுவை முள்வேலி, நடுவில் அங்கங்கே வெள்வேல மரம். பத்துப் பன்னிரண்டு பேர் வரிசை பிடித்துப் புதரைத் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். முயல் எழும்பினால் நாயை அவிழ்த்துவிட வேண்டும். கறி ஆளுக்கு ஒரு பங்கு, பிடித்த நாய்க்குத் தனியாக ஒரு பங்கு. அந்த நாய்ப் பங்கு நாலைந்து வருஷமாக எங்கள் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அப்பா விட்டுப்போன நாய் அது. ஊசி மூஞ்சி, ஒட்டிய வயிறு, சுத்தமான தெற்கத்தி வேட்டை நாய். கார்த்திகை மழையில் நனைந்து, இரண்டு நாள் நடுங்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பூநோம்பிக்கும் நான் தடியோடு போய் நின்றேன். வேட்டைக்குத் தலைவர் என் மச்சான், வீட்டுக்காரியின் அண்ணன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாயெங்கீங்க மாப்ள?"

"நீங்கதானுங்களே மச்சான் குழி தோண்டுனீங்க?"

"அது பழைய நாயிங்க. புது நாயெங்கன்னு கேட்டனுங்க."

"இனிமேத்தான் பாக்கோணுமுங்க."

"அப்ப வரிசை வேண்டாமுங்க மாப்ள. நாயில்லாம நீங்க நின்னீங்கன்னா, மொசலு கெளம்பறப்ப ஓடறது அதா நீங்களான்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். போன வருஷம் ஒரு முயல் என் காலுக்கிடையில் புகுந்தபோது நான் போட்ட சத்தத்தில் அடுத்த காட்டு மாடெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டது உண்மை. என் கையிலிருந்த தடியை வாங்கிக்கொண்டு தண்ணிக் குடத்தைக் கொடுத்தார்கள். என் கல்யாணத்துக்கு மச்சான் சீராகக் கொடுத்த பித்தளைக் குடம்தான். அதைத் தோளில் வைத்துக்கொண்டு வரிசைக்குப் பின்னால் நடந்தேன். திரும்பி வரும்போது பூக்கூடையோடு பெண்கள் எதிரே வந்தார்கள். என் வீட்டுக்காரி குடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பாருங்க, எங்கூட்டுக்காரரு எனக்கு முன்னாலயே தண்ணிக்குப் போயிட்டு வந்துட்டாரு!"

அந்தச் சிரிப்பு தை மாதம் முழுக்க மெஷின் சத்தத்துக்குள்ளும் கேட்டது. அடுத்த பூநோம்பிக்குள் ஒரு நாய். இல்லையென்றால் ஆயுசுக்கும் குடம்தான்.

எந்த நாய் என்பதில்தான் கவலை. சுத்த வேட்டை நாய் என்றால் ஓட்டம் இருக்கிறது, ஆனால் தோல் காகிதம். கிளுவை முள் உரசினாலே கிழியும், மழைக்குத் தாங்காது, ஒரு நாயைக் குளிருக்குப் பறிகொடுத்தவன் நான். ஆடு காக்கும் பட்டி நாய் என்றால் தோல் கனம், புத்தியும் உண்டு, ஆனால் முயலைத் துரத்தச் சொன்னால் உட்கார்ந்து யோசிக்கும். இரண்டும் கலந்தது நல்லது என்று கம்பெனியில் ஒருவர் சொன்னார். கலந்தால் இதன் ஓட்டமும் அதன் புத்தியும் வரும் என்பது என்ன நிச்சயம்? அதன் ஓட்டமும் இதன் புத்தியும் வந்துவிட்டால்?

மாசியில் சேவூர்ப் பக்கம் ஆட்டுப்பட்டி போட்டிருந்த ஓர் அம்மாவிடம் அப்படிக் கலப்புக் குட்டிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். அவர்களுடைய பட்டி நாய்க்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் வேட்டை நாய்க்கும் பிறந்தவை. மச்சானும் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். நான் ஏமாந்துவிடக் கூடாதாம். நாய்க்குட்டியைச் சும்மா வாங்கக் கூடாதென்று ஒரு செகண்ட்ஸ் பனியன் கொண்டுபோயிருந்தேன்.

அந்த அம்மா பனியனை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்.

"ஏனுங் சாமி, அக்குள்ள ஓட்டையிருக்குதே?"

"உள்ளுக்குப் போட்டா தெரியாதுங்க."

"அதுஞ் சரிதான். ஓட்டைப் பனியனுக்கு எந்தக் குட்டி வருதோ அதையே எடுத்துக்குங்க."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆட்டுக்குட்டி மந்தையை விட்டுக் கம்பங்காட்டுப் பக்கம் ஓடியது. தாய் நாய் எழுந்தது. குட்டிக்குப் பின்னால் ஓடவில்லை. அகலமாகச் சுற்றிப்போய் அதற்கு முன்னால் நின்றது. குட்டி திரும்பியது. இடமும் வலமுமாக நகர்ந்து நகர்ந்து, அதை அந்த அம்மாவின் காலடிக்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் பழையபடி படுத்துக்கொண்டது. ஒரு குரைப்பில்லை.

மச்சான் அதையெல்லாம் கவனிக்கவில்லை. நாலு குட்டிகளையும் வரிசையாகத் தூக்கிப் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தார். வாயைப் பிளந்து அண்ணம் கறுப்பா என்று பார்த்தார், நகத்தை எண்ணினார், கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கி எது கத்துகிறது என்று பார்த்தார். ஒரு கடுவன் குட்டி கத்தாமல் அவர் வேட்டி முனையைக் கவ்விக் கிழித்தது.

"இதானுங்க மாப்ள நாயி! அண்ணம் கருகருன்னு இருக்குது, நகம் இருவது. கண்ண மூடிட்டு எடுங்க."

நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறப் பொட்டைக்குட்டி. ஒரு காது நின்றது, ஒரு காது தொங்கியது. தட்டில் கூழ் ஊற்றியபோது மற்ற மூன்றும் விழுந்தடித்துக்கொண்டு ஓடின. அது மட்டும் இரண்டு தரம் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வந்தது. குடிக்கும்போதும் நடுநடுவே தலையைத் தூக்கி எல்லோரும் இருக்கிறார்களா என்று பார்த்தது.

"அது பயந்தாங்கொள்ளிங்க" என்றார் மச்சான். "உங்களுக்குன்னே அளவெடுத்துத் தெச்சாப்பல இருக்குது. ஒரு ஊட்டுல ரெண்டு வேண்டாமுங்க."

அரை மணி நேரம் யோசித்தேன். "பொண்ணு பாக்கறதுக்குக்கூட இத்தச்சோடு பாக்கமாட்டாங்க சாமி" என்றார் அந்த அம்மா. கடைசியில் மச்சான் சொன்ன கடுவனையே கூடையில் வைத்துக் கேரியரில் கட்டினேன். ஒரு மைல் போயிருப்போம். கூடைக்குள் அது கயிற்றைக் கடித்துக்கொண்டே வந்தது. நம் சொல்லை இது எந்தக் காலத்தில் கேட்கும்? பள்ளத்தில் இறங்கும்போது குதித்தால்? எனக்குக் கால் மிதிக்க வரவில்லை. இறங்கி நின்றேன்.

"என்னுங்க மாப்ள, பஞ்சரா?"

"இல்லீங்க மச்சான். திரும்பிப் போகோணும்."

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். திரும்பிப் போனால் பட்டி வாசலில் அந்த அம்மா சாம்பல் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வருவீங்கன்னு தெரியுமுங்க. நீங்க ரெண்டாந் தடவ திரும்பிப் பாத்துட்டுப் போறப்பவே இதத் தனியாப் புடிச்சு வெச்சுட்டேன்."

கூடையில் குட்டியை மாற்றினோம். மச்சான் கடுவனைத் தன் துண்டில் சுற்றிக்கொண்டார். "வேண்டாம்னு உட்டீங்கல்ல, இத நான் வளத்தறனுங்க. பூநோம்பிக்குப் பாத்துக்கலாம்." போகிற வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு போனார்.

என் நாய் வளர்ந்தது. கால் மட்டும் வேட்டை நாய்க்கால், முடி பட்டி நாய் முடி. மழைக்கு நடுங்கவில்லை என்பதில் எனக்கு நிம்மதி, மற்றதிலெல்லாம் கவலை. அது எதையும் துரத்தவில்லை, ஒன்றுசேர்க்கத்தான் பார்த்தது. கோழிகளை ஒரு மூலைக்கு ஓட்டிவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கும். காலையில் நான் கம்பெனிக்குக் கிளம்பினால் சைக்கிள் சக்கரத்துக்கு முன்னால் வந்து நின்று என்னை வாசலுக்குத் திருப்பிவிடும். ஒருநாள் மூன்று தரம் திருப்பிவிட்டது. கம்பெனியில் மேஸ்திரி ஏன் லேட் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். அதிலிருந்து நான் உள்ளே நுழைந்தாலே, "நாயிகிட்டப் பர்மிசன் வாங்கியாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மச்சானின் நாய் அதற்குள் இரண்டு கோழியையும் ஒரு கீரியையும் பிடித்திருந்தது. "சும்மா சொல்றனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்று தொடங்கி, தினமும் அதன் பெருமையை வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போவார்.

பூநோம்பி வந்தது. நான் நாயோடும் தடியோடும் வரிசையில் நின்றேன். மச்சான் நாயை ஒருதரம் பார்த்துவிட்டு எனக்கு இடம் விட்டார். நாய்தான் இருக்கிறதே. குடத்தை ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினோம்.

முதல் முயல் எழும்பியதும் இரண்டு நாய்களையும் அவிழ்த்தோம். மச்சானின் நாய் அம்பு மாதிரி போனது. ஆட்களும் ஆளுக்கொரு திசையில் கத்திக்கொண்டு ஓடினார்கள். என் நாய் முயலை ஒருதரம் பார்த்தது. சிதறி ஓடுகிற எங்களைப் பார்த்தது. அதற்கு எது முக்கியம் என்று தெரிந்துவிட்டது. சுற்றி ஓடி ஒவ்வொருவராக மறித்து நடுவே கொண்டுவந்து சேர்த்தது. எட்டப் போன மச்சானைக் குதிகாலில் லேசாகக் கவ்வித் திருப்பிக்கொண்டு வந்தது. நாங்கள் பதினோரு பேரும் ஒரே இடத்தில் மந்தையாக நின்றோம். முயல் வேலிச் சந்தில் புகுந்து போய்விட்டது.

"எண்ணிப் பாத்துக்கச் சொல்லுங்க மாப்ள" என்றார் மச்சான். "ஆடு எல்லாஞ் சரியா இருக்குதான்னு."

பிறகு என் கையிலிருந்த தடியை வாங்கிக்கொண்டார். நாயைக் கூட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போய்க் குடத்தைத் தோளில் ஏற்றினேன். பின்னால் அவர்கள் சிரித்த சிரிப்பு வீடு வரைக்கும் கேட்டிருக்கும். நாய் என் பக்கத்தில் உட்கார்ந்து, தூரத்தில் நகர்கிற வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தது.

வரிசை பாதிக்காடு தாண்டியபோது இரண்டாவது முயல் எழும்பியது. மச்சானின் நாய் பின்னாலேயே போனது. எட்டிப் பிடிக்கப் போகிற நேரத்தில் முயல் சட்டென்று பக்கவாட்டில் மடங்கியது. அந்த வேகத்தில் நாயால் நிற்க முடியவில்லை, நேரே போய்க் கிளுவை முள்ளில் விழுந்து கத்தியது. முயல் பழைய வேலிச் சந்தைப் பார்த்து ஓடியது.

என் பக்கத்திலிருந்த நாய் எழுந்தது. கூட்டத்தை விட்டு ஒன்று தனியாகப் போகிறது, அவ்வளவுதான் அதற்கு. முயலுக்குப் பின்னால் போகவில்லை. குறுக்கே வெட்டிப் போய் வேலிச் சந்தின் முன்னால் நின்றது. வேட்டை நாயின் கால் எதற்கு என்று அப்போதுதான் பார்த்தேன். முயல் திரும்பியது. நாய் இடமும் வலமுமாக மறித்து மறித்து, அந்த முயலைக் காட்டின் குறுக்கே நேராக என்னிடம் ஓட்டிக்கொண்டு வந்தது.

என்னிடம்தான். ஆட்டுக்குட்டியை அந்த அம்மாவின் காலடிக்குக் கொண்டுவந்த அதே மாதிரி. காதை மடக்கிக்கொண்டு ஒரு முயல் நம் காலைப் பார்த்து வரும்போது மனிதன் என்ன செய்வான்? குடத்தை விட்டுவிட்டேன். பித்தளைக் குடம் கல்லில் விழுந்து கணீரென்றது. முயல் ஒரு கணம் திகைத்து நின்றது. அந்தக் கணம் நாய்க்குப் போதும். கவ்விக்கொண்டு வந்து என் முன்னால் வைத்துவிட்டு, எண்ணிக்கை சரியா என்பது போல் என் முகத்தைப் பார்த்தது.

மச்சான் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். முயலைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், உருண்டு கிடந்த குடத்தைப் பார்த்தார்.

"கத்துனது நீங்களா மாப்ள?"

"நானில்லீங்க மச்சான். கொடம்."

"நல்ல கொடமுங்க" என்றார். "நாங் குடுத்ததாச்சே."

உடனே தடியைத் திருப்பிக் கொடுத்து என்னை வரிசைக்கு நடுவில் நிறுத்தினார். மூன்றாவது முயலையும் நாய் மறித்து என்னிடமே கொண்டுவந்தது. என் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தடியை ஓங்கினார்கள். அடி முயலைத் தவிர எல்லோர் மேலும் விழுந்தது. முயல் எங்கள் கால்களுக்கிடையில் புகுந்து போய்விட்டது.

மச்சான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, அவருக்கு வராத பணிவோடு சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க மாப்ள. கொடத்த எடுத்துட்டு மரத்தடிக்கே போயிருங்க. நாங்க இங்கிருந்து கெளப்பி உடறோம்."

அன்றைக்கு இன்னும் இரண்டு முயல் மரத்தடிக்கு வந்தது, இரண்டு தரமும் குடம் கல்லில் விழுந்தது. நாய்ப் பங்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. வழியில் பூக்கூடையோடு பெண்கள் எதிர்ப்பட்டார்கள். என் தோளில் குடத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரி வாயைத் திறந்தாள்.

"பேசாதே கண்ணு" என்றார் மச்சான் முந்திக்கொண்டு. "அந்தக் கொடம் இல்லீன்னா மொசலு வராது."

அவள் குடத்தைத் திருப்பிப் பார்த்தாள். "அதுக்கு எங்கண்ணன் குடுத்த சீர நசுக்கோணுமாக்கும்" என்றாள்.

அடுத்த பூநோம்பிக்கு விடிந்ததும் மச்சான் எங்கள் வாசலில் நின்றார். கை நேராகக் குடத்துக்குப் போனது.

"கனமுங்க மாப்ள. இந்த வருசம் நாந் தூக்கறேன். நீங்க என்ற தடியப் புடிச்சுட்டு வரிசையில நில்லுங்க."

இதைக் கேட்பதற்குத்தானே இரண்டு வருஷம் கவலைப்பட்டேன். நாயைப் பார்த்தேன். அது என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. முயலை அவரிடம் கொண்டுபோய் விட்டுவிட்டால்?

"உங்களுக்கெதுக்குங்க மச்சான் செரமம்" என்று சொல்லி, குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டேன்.