சுருட்டிய துண்டுக்குத் தாய்மாமன்

சிதம்பரத்தில் குழந்தை மருத்துவராக இருக்கும் என் அக்கா மகள், நர்ஸ்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினாள். குணமாகாத நோயுள்ள பச்சைக்குழந்தைகளை வலியில்லாமல் பார்த்துக்கொள்வதும், வீட்டாரிடம் அதைச் சொல்வதும்தான் பாடம். நடித்துக் காட்ட ஒரு தாய்மாமன் தேவைப்பட்டதால் என்னைக் கூப்பிட்டாள்.

"நான் சிரிப்புக் கட்டுரை எழுதுறவன்மா."

"படிச்சிருக்கேன் மாமா. சோகம் உங்களுக்கு நல்லாவே வரும்."

அவளே தாயாக உட்கார்ந்தாள். மடியில், துண்டைச் சுருட்டிச் செய்த குழந்தை. செய்தியைச் சொல்ல வேண்டியவர் கடலூரிலிருந்து வந்திருந்த ஒரு நர்ஸ். அவர் என்னை மட்டும் கண்ணால் கூப்பிட்டு வராந்தாவுக்கு அழைத்துப் போனார். நம் பக்கத்து வழக்கம் அதுதானே. கெட்ட செய்தி முதலில் ஆண்பிள்ளைக்கு, தாய்க்குக் கடைசியில்.

"இனிமே குணமாக்க மருந்தில்ல சார். அம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

"நான் பாத்துக்கறேன்" என்றேன், மிகுந்த கம்பீரத்துடன்.

அக்கா மகள் விடவில்லை. "எங்க, வந்து சொல்லுங்க பாப்போம்."

போய் நின்றேன். அது துண்டு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் அதைத் தட்டிக்கொடுத்த விதத்தில் எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில், "டீ குடிக்கிறியாம்மா?" என்றேன்.

அறையே சிரித்தது. அந்த நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க வார்டுலயும் இதேதான் டாக்டர். கைக்குழந்தை. மாமன்கிட்டதான் சொன்னேன், அவுரு வீட்ல வாயே தொறக்கல. திருவதிகை கோயில்ல மொட்டை போடறோம், நீயும் வரணும்னு அந்தம்மா என்னைத் தெனம் கூப்புடுது. அதுவரைக்கும் பாப்பா இருக்காது. நாளைக்கு டூட்டி. எப்படி மூஞ்சியப் பாக்கறது?"

"மறுபடி செய்ங்க" என்றாள் அக்கா மகள்.

இந்த முறை அவர் நாற்காலியை இழுத்துத் தாய்க்குப் பக்கத்தில் போட்டார். என்னையும் உட்காரவைத்தார்.

"பாப்பாவுக்கு என்னன்னு நீங்க நெனைக்கிறீங்க, சொல்லுங்கம்மா." முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "இது சரியாகாதும்மா" என்று சொல்லி நிறுத்தினார். அந்த மௌனத்தை நிரப்ப என் நாக்கு துடித்தது. ஒரே பார்வையில் அடக்கிவிட்டார். "வலி தெரியாம நாங்க பாத்துக்கறோம். பாப்பாவுக்கு என்ன செஞ்சு பாக்கணும்னு ஆசைப்படுறீங்க?"

இதையே தொழிலாகக் கற்றுக்கொடுக்கும் அக்கா மகள், குழந்தையைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் அவளுக்குக் கடலூரிலிருந்து போன் வந்தது. "சொல்லிட்டேன் டாக்டர். ரொம்ப அழுதாங்க. கூடவே உக்காந்திருந்தேன். அப்புறம், முடிய இங்கியே எறக்கலாமான்னு கேட்டாங்க."

வார்டிலேயே நடந்தது. ஒரு கொத்து முடிதான் நறுக்கினார்கள். திருவதிகை சாமிக்கு அது போதும் என்று தாயே சொல்லிவிட்டாராம். மாமன் பாப்பாவை வைத்திருந்த மடியை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாராம். நடுவில் டீ வாங்கி வரவா என்று அவர் கேட்கவில்லை. அதை மட்டும் நான் குறிப்பாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.