அண்ணன் வெட்டிய கான்

வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற எங்கள் லயத்துக்கு மேலே, தேயிலை மலை முடிகிற இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. வருஷம் முழுக்கச் சேறு. அதில் ஆள் உயரத்துக்கு ஒரு முள்ளுச்செடி. எங்கள் ஆட்கள் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. முள்ளு என்று மட்டும் சொல்வார்கள். கினிகத்தேனைச் சந்தையில் சிங்களப் பெண்கள் அதைக் கட்டுக்கட்டாக விற்பார்கள். கொஹில என்பது அங்கே அதன் பெயர். பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழி அதன் கிழங்கை மெல்லிசாகச் சீவி, ஒவ்வொரு சீவலிலும் இழுபடும் நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுப்பாள். நான் தாவரவியல் படித்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள். ஆனாலும் வீட்டுக்கு மேலே நிற்கிற செடியை விடுதிச் சட்டியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தெரிந்த பிறகு நான் அதை விடவில்லை.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பள்ளத்தின் ஓரத்தில் போய் உட்காருவேன். சேற்றுக்குள் கிழங்குகள் ஒன்றோடொன்று பின்னிப் படுத்திருக்கும். பூவைப் பூவென்று யாரும் நம்பமாட்டார்கள். அரக்கு நிறத்தில் முறுக்கி நிற்கும், மடக்கிவைத்த குடை மாதிரி. அடியில் மட்டும் கொஞ்சம் திறந்திருக்கும். அதற்குள் சின்ன வண்டும் ஈயும் போய்வரும். நாய் நுழைய முடியாத முள்ளுக்குள் கானாங்கோழி குஞ்சு பொரிக்கும். மழை பெய்தால் மலையிலிருந்து செம்மண்ணும் உரமும் கரைந்து வேகமாக இறங்கும். கொஹிலத் தண்டுகளுக்குள் வந்ததும் அந்த வேகம் செத்துப்போகும். மண் படியும். உரத்தை வேர் எடுத்துக்கொள்ளும். மறுபக்கம் கசிந்து வருகிற தண்ணீர்தான் கீழே நாங்கள் குடம் வைத்துப் பிடிக்கிற பீலியில் விழுகிறது. பன்னிரண்டு வீட்டுக்கும் குடிக்க, குளிக்க அந்த ஒரு பீலிதான்.

தேயிலைக்கு நிற்கிற தண்ணீர் ஆகாது, வேர் அழுகிவிடும். அதனால் தண்ணீர் தேங்கிய இடத்தைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. கான் என்கிற வடிகாலை வெட்டி வடித்துவிடுவார்கள். அதில் என் அண்ணனை மிஞ்ச எங்கள் டிவிஷனில் ஆள் கிடையாது. அவன் வெட்டிய கான் நூல் பிடித்த மாதிரி இருக்கும். போன வருஷம், மலையில் ஆட்களை வேலை வாங்குகிற கண்டாக்கையா அவனிடம் சொன்னார்: பள்ளத்தை வடித்துக் கொடுங்கள், பாதியில் தேயிலை வைப்போம், பாதியில் நீங்கள் வாலிபால் விளையாடலாம். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் என்று ஆள் சேர்த்தான். நான் அப்போது விடுமுறைக்கு வந்திருந்தேன்.

“கான் வெட்டுனா பீலித் தண்ணி கலங்கிரும்ணே,” என்றேன்.

“பாம்பு கெடக்குற, நுளம்பு கடிக்கிற எடம். அந்த முள்ளுக்கு வக்காலத்து வாங்கத்தான் கேம்பஸ் போனியா?”

“ஆமா. நீங்க யாரும் வாங்கல, அதான்.”

அண்ணி சிரித்துவிட்டார். “விடுங்க. தங்கச்சிக்கு அது மேல ஒரு பிரியம்.”

ஞாயிறு மத்தியானத்துக்குள் பள்ளத்தின் நடுவே கான் வெட்டியாகிவிட்டது. பிடுங்கிய கொஹில ஓரத்தில் குவியலாகக் கிடந்தது. நல்ல வேலைதான். அதையும் அவனிடம் சொன்னேன். மூடிவிடு என்றும் சொன்னேன். அவன் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பகலில் மழை கொட்டியது. பீலியில் செங்கல் கரைத்த மாதிரி தண்ணீர் விழுந்தது. செவ்வாயும் அப்படியே. அண்ணி குடத்தின் வாயில் துணி கட்டிப் பார்த்தார், துணிதான் சிவந்தது. பெண்கள் கொழுந்து எடுத்து முடித்த கையோடு பக்கத்து லயத்துக்குக் கேன் தூக்கிப் போனார்கள். “ஒங்க ஆளுங்க வெட்டுன கான்தானே, அதையே குடிங்க,” என்று அங்கே ஏச்சு.

புதன்கிழமை நான் பள்ளத்தில் இறங்கினேன். கானின் மேல்வாயில் கல்லை அடுக்கி, குவியலில் கிடந்த கிழங்குகளைக் கான் நெடுக ஊன்றத் தொடங்கினேன். முள் இரண்டு கையையும் கிழித்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள்.

“டீச்சரம்மா நாத்து நடுறாங்க,” என்றாள் ஒருத்தி.

கண்டாக்கையாவின் பைக் வந்து நின்றது.

“தோட்டத்து நெலத்துல ஒனக்கு யாரு வேல குடுத்தா?”

“யாரும் குடுக்கலைங்க ஐயா. நான் சம்பளமும் கேக்கல.”

“கான் வெட்டச் சொன்னது நான்.”

“தெரியுங்க. பீலித் தண்ணி ஒரு கேன் ஐயா வீட்டுக்கு அனுப்பட்டுங்களா?”

அவர் முகம் மாறியது. “நாளைக்குப் பெரட்டுல ஒன் அண்ணன் பதில் சொல்லணும். சொல்லாட்டி அவனுக்கு வேல இல்ல.”

அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பயம் வந்தது. கையில் இருந்த கிழங்கை ஊன்றவா, கீழே போடவா என்று நின்றேன். பிறகு ஊன்றினேன். எனக்குப் பின்னால் சேற்றில் யாரோ இறங்குகிற சத்தம். அண்ணி.

“எங்க வீட்டுக்காரர் வெட்டுனதுங்க ஐயா,” என்றார். “எங்க வீட்டு ஆளுங்களே மூடுறோம்.”

டீச்சரம்மா என்று கேலி செய்தவளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கண்டாக்கையா பைக்கைத் திருப்பினார்.

வேலை விட்டு மம்பட்டியோடு வந்த அண்ணன், நான் அடுக்கிய கல்லைக் காலால் தட்டிப் பார்த்தான். “இது ஒரு அணையா? ஒரு மழைக்குத் தாங்காது.” புல்லோடு மண்ணை வெட்டி எடுத்து, தான் வெட்டிய கானின் வாயைத் தானே அடைத்தான்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கண்டாக்கையா எல்லார் முன்னாலும் அவனைக் கேட்டார். “கான் சரியா வரலைங்க ஐயா. அதான் மூடிட்டேன்,” என்றானாம் அண்ணன். அவன் வெட்டிய கான் சரியாக வரவில்லை என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. பெரட்டில் யாரும் சிரிக்கவில்லை என்று அண்ணி சொன்னார். அவனுக்கு வேலையும் கொடுத்தார்கள்.

ஒரு வாரத்தில் பீலி தெளிந்தது. வாலிபால் ரோட்டில்தான் நடக்கிறது. கண்டாக்கையா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பைக்கை மெதுவாக்கிப் பார்க்கிறார். பார்க்கட்டும். பள்ளத்தின் நடுவே, கான் போன வழியில், கொஹில நூல் பிடித்த மாதிரி நேர்க்கோட்டில் நிற்கிறது.