வேண்டாம் என்ற படம்

ஏழு வயதாகியும் என் மகளுக்குப் பேச்சு வரவில்லை. ஒரே ஒரு சொல் கேட்டுவிட மாட்டோமா என்று நான் வேண்டாத சாமி இல்லை. ராஜபாளையத்திலிருந்து வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் பயிற்சி மையத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். அங்கே டேப்லெட் பழக்கினார்கள். திரையில் ஒரு படத்தைத் தொட்டால் அது அவளுக்காகப் பேசும்.

கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த என் நாத்தனார் அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தார். மகள் விலகிப்போய்த் திரையைத் தொட்டாள். "வேண்டாம்" என்றது டேப்லெட். நாத்தனார் சிரித்தபடி மறுபடியும் கிள்ளினார். "வேண்டாம். வேண்டாம்."

யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளாகச் சொன்ன முதல் சொல் அது.

"ஏட்டி, பேச்சு வராட்டாலும் இம்புட்டு நாளா புள்ள மருவாதையா இருந்துச்சு" என்றார் நாத்தனார். எனக்கு மானம் போய்விட்டது. மானமாம், மானம்! அவர் படியிறங்கியதும் அந்தப் படத்தை அழித்தேன்.

அடுத்த வகுப்பில் பயிற்சி கொடுக்கும் பெண், "வேண்டாம் படம் எங்க போச்சுக்கா?" என்று கேட்டாள்.

"இவதான் தெரியாம அழிச்சிட்டா" என்றேன்.

இல்லை என்று சொல்ல என் மகளிடம் என்ன இருந்தது? காலியாகக் கிடந்த கட்டத்தையே விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.