கழுத்து உயரத்தில் கேட்ட ஒலி

ரேகாவின் தாலிக்கு விலை பதிமூன்றாயிரத்துச் சொச்சம். 2010 ஆடியில் ஒரு சவரன் அந்த விலைக்குத்தான் போனது. அவள் புருஷன் கண்ணாயிரம், கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர். காசு வராத பொய்யை அவர் சொன்னதே இல்லை. அதனால் இது நடந்ததுதான்.

ஆடிப் பதினெட்டன்று, பிறந்த ஊரான குமராட்சிப் பக்கம், கொள்ளிடத்தில் இறங்கி ரேகா தாலிக்கயிறு மாற்றினாள். புதுக் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பழைய கயிற்றை அவிழ்த்து, தாலியையும் அதனோடு கோத்திருந்த நான்கு தங்கக் குண்டுகளையும் உள்ளங்கையில் கொட்டினாள். கூட்டத்தில் யாரோ வழுக்கி அவள் தோளைப் பிடித்தார்கள். கை கவிழ்ந்தது. அத்தனையும் தண்ணீரில் போயின.

அன்றிலிருந்து அவள் சோற்றைத் தொடவில்லை.

"புதுசு வாங்கித் தர்றேன். ரெண்டு சவரன்லயே வாங்கித் தர்றேன்."

"நீங்க கட்டுனது அதுதான். அது கெடைக்கட்டும், சாப்புடறேன்."

கண்ணாயிரத்துக்குப் படியாத பேரம் அது ஒன்றுதான். ஒன்பதாம் நாள் அவள் மயங்கி விழுந்தாள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் கண்ணாயிரம் சென்னைக்கு பஸ் ஏறினார். தண்ணீரில் இறக்கினாலும் கெடாத மெட்டல் டிடெக்டர். பதினெட்டாயிரம் சொன்னதைப் பதினொன்றரைக்கு முடித்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் ஆணி, காசு, ரேகாவின் கம்மல் எல்லாவற்றையும் புதைத்து வைத்துப் பழகினார். இரும்புக்கு உறுமல். வெள்ளிக்குக் கீச்சு. தங்கத்துக்கு இரண்டுக்கும் நடுவில், தொண்டையைச் செருமுவது போல ஓர் ஒலி. அடியில் இருக்கும் வட்டத் தட்டு பொருளுக்கு ஒரு சாண் தள்ளிப் போனாலும் மெஷின் வாயைத் திறக்காது.

ஆகஸ்ட் 14, சனிக்கிழமை. காலை 5.10. கொள்ளிடத்தில் அதே துறை. ஆட்கள் வந்து புதையலா என்று கேட்பதற்குள் முடித்துவிட வேண்டும். ரேகாவின் தம்பி அன்பரசு டார்ச்சோடு கரையில் உட்கார்ந்தான். கண்ணாயிரம் முழங்கால் தண்ணீரில் இறங்கினார்.

5.14. தட்டைத் தன் பக்கம் இழுக்கும்போதெல்லாம் கீச்... கீச்...

"இன்னா மாமா?"

"என் இடுப்புல இருக்கற வெள்ளி அரணாக்கொடியப் பாத்துக் கத்துது. புடி."

"அதக் கழட்டாத மாமா. உசுரோட இருக்கறவன் கழட்ட மாட்டான்."

"ஒங்கக்கா பட்டினியா கெடக்குறா. புடிடா."

இப்போது அவர் உடம்பில் குண்டூசி அளவு உலோகம்கூட இல்லை. மெஷின் அடங்கியது.

5.31. இரண்டு ஒரு ரூபாய்க் காசு. ஒரு துருப்பிடித்த பூட்டு.

5.38. செருமல்.

குனிந்தார். ஒலி நின்றது. தட்டைத் தண்ணீரிலிருந்து தூக்கினார். மறுபடி செருமல்... முன்னைவிடத் தெளிவாக.

காற்றில்.

அளந்து பார்க்கும் புத்தி அவரை விடவில்லை. முழங்கால் உயரத்தில் பிடித்தார். ஒன்றுமில்லை. இடுப்பு உயரத்தில் ஒன்றுமில்லை. மார்பு உயரத்தில் லேசாக.

கழுத்து உயரத்தில்... விடாமல் கேட்டது.

இரண்டடி பின்னால் போனார். நிசப்தம்.

பிறகு ஒலி அவரிடம் வந்தது.

கரையிலிருந்து அன்பரசு சாதாரணமாகத்தான் சொன்னான். "மாமா, அந்தக்காவக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு. அவுங்க கழுத்துல இருக்கறதப் பாத்துக் கத்துது பாரு."

கண்ணாயிரம் எந்த அக்கா என்று கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஒலி இறங்கியது. அவர் கை தானாகக் கூடவே இறங்கியது. மார்பு... இடுப்பு... முழங்கால்...

தண்ணீர்.

ஓரிடத்தில் நகராமல் கேட்டது.

5.44. கையை விட்டார். விரலில் கயிறு மாட்டியது.

ரேகாவின் தாலி.

கரையேறினார். அன்பரசு அரணாக்கொடியை நீட்டினான். அவன் கண் ஆற்றிலேயே இருந்தது.

"வரும்போது கழுத்துல இருந்துது மாமா. போறப்ப இல்ல."

"எங்க போனாங்க?"

அவன் டார்ச்சை ஆற்று நடுவில் அடித்தான்.

வழியில் டீக்கடை முத்தம்மாள், மெஷினைப் பார்த்துவிட்டு, கேட்காமலே சொன்னாள். "அந்தத் தொறையிலயா எறங்குனீங்க? போன வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு அங்கதான் ஒருத்தி கயிறு மாத்தறப்ப வழுக்கிட்டா. பக்கத்துல இருந்தவளோட தோளப் புடிச்சாளாம். அவ பயத்துல ஒதறிட்டாளாம். மூணாம் நாளுதான் பொணம் கெடச்சுது. கழுத்துல தாலி இல்ல."

மத்தியானம் ரேகா அதைக் கட்டிக்கொண்டாள். இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கண்ணாயிரம் எதிரில் உட்கார்ந்து அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தவறவிட்டது உதிரி. கிடைத்தது கோத்திருந்தது. புதுக் கயிறு, மூன்று முடிச்சு, எடுத்த கையில் மஞ்சள் ஒட்டியது. அதற்குப் பிறகுதான் அவர் எண்ணினார். மூன்று முறை எண்ணினார். அவளிடம் சொல்லவில்லை.

ஆற்றில் போனது: தாலி ஒன்று, குண்டு நான்கு.

வந்தது: தாலி ஒன்று, குண்டு ஐந்து.

தர வேண்டிய பாக்கி: ஒன்று.