அடிக்காத நம்பர்

நவமணி அக்கா கார் கடைக்குள் நுழைந்ததும் செய்த முதல் காரியம், வரிசையில் நின்ற ஒரு புதுக் காரின் கதவை விரல் முட்டியால் தட்டிப் பார்த்ததுதான். சந்தையில் தேங்காய் வாங்குகிறவர்கள் தட்டுவார்களே, அந்த மாதிரி. தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டாள். உதட்டைப் பிதுக்கினாள். அடுத்த காருக்குப் போனாள்.

"அம்மா, தட்டாதம்மா. எல்லாரும் பாக்குறாங்க, மாலுவா இருக்கு" என்று வெட்கத்தில் நெளிந்தாள் மகள் தினேஸ்வரி.

"தகரம்டி இது. மைலோ டின்னு இதவிடத் தடிமனா இருக்கும்."

ஈப்போவில் ஒரு பெரிய சாலையோரக் கடை அது. கண்ணாடிச் சுவர், முகம் தெரிகிற தரை. அவர்கள் இருவரையும் சுங்கை சிப்புட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தவன் நான். பக்கத்து வீட்டுக்காரன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். கார் இல்லாதவர்கள் கார் வாங்கப் போக வேண்டுமென்றால் என்னைப் போல ஒரு ஏமாளி பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும்.

விற்பனையாளன் அருண்பிரகாஷ் ஓடி வந்தான். ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்த செட்டியார் வீட்டுப் பிள்ளை. வார்த்தைக்கு வார்த்தை சிரிப்பு.

"ஆண்ட்டி, இதுல பின்னால கேமரா இருக்கு. ஃபோன் கனெக்ட் பண்ணி பாட்டுக் கேக்கலாம். பெட்ரோலும் ஜிமாட்டா, கம்மியாத்தான் குடிக்கும்."

"தம்பி, லோரி இடிச்சா தாங்குமா?"

பையன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏர்பேக் ஆறு இருக்கு ஆண்ட்டி. இடிச்சா உடனே காத்து ரொம்பி ஆளப் புடிச்சுக்கும்."

"காத்த நம்பி எம் பிள்ளைய ரோட்டுக்கு அனுப்பச் சொல்றியா?"

அக்காவின் இந்தப் பேச்சு ஏதோ பட்டிக்காட்டுப் பேச்சு என்று அந்தப் பையன் நினைத்திருக்கலாம். நினைக்கட்டும். அவனுக்கு என்ன தெரியும்?

நவமணி அக்கா பிறந்தது சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அம்மாவுக்குப் பின்னால் பால் வாளியோடு ஓடியவள். பிறகு தானே பாலெடுக்க மரம் வெட்டினாள். தோட்டம் கைமாறியது, மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள், லயத்து வீடுகளை மண்ணோடு மண்ணாகத் தள்ளினார்கள். குடும்பங்கள் எங்கள் தாமானுக்கு, இந்தக் குடியிருப்பில் இருக்கிற மலிவு விலை வீடுகளுக்கு, வந்தன. அக்கா குணாளன் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தது இங்கேதான். அவர் மரப்பலகை ஆலையில் வேலை. காலையில் மோட்டாரில் போவார், மாலையில் மோட்டாரில் வருவார். எங்கள் பக்கத்தில் மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள்தான். வருகிற வழியில் மகளை முன்னால் டேங்க் மேல் உட்காரவைத்துத் தாமானை ஒரு சுற்று சுற்றாமல் வீட்டுக்குள் நுழைய மாட்டார். ஒரு நாள் காலையில் போனவரை மாலையில் மரம் ஏற்றிய லோரி அடித்துவிட்டது. அப்போது தினேஸ்வரிக்கு ஆறு வயது.

இப்போது அவளுக்கு இருபத்து நான்கு. ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை. அவளும் மோட்டாரில்தான் போய் வந்தாள். காலையில் அவள் கிளம்பியதும் அக்கா வாசலில் நின்று காது கொடுப்பாள். மோட்டார் சத்தம் முச்சந்தி தாண்டிப் பெரிய ரோட்டில் லோரிச் சத்தங்களோடு கலந்து கரைகிற வரை நிற்பாள். நான் வேனைத் துடைத்துக்கொண்டே தினமும் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தைப் பார்த்தால் எனக்குக் காப்பி இறங்காது.

ஆக, அக்காவுக்கு வேண்டியது கார் அல்ல. மகளைச் சுற்றி நாலு பக்கமும் இரும்பு வேண்டும். அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு காரைத் தட்டிவிட்டு அக்கா தலையாட்டினாள். அடுத்த சண்டை நிறத்தில் வந்தது. மகளுக்குச் சாம்பல் நிறம்தான் வேண்டுமாம், அதுதான் இப்போது 'கிளாஸாம்'.

"சாம்பல் மழையில தெரியாது. சேப்பு எடு. லோரிக்காரன் தூங்கிக்கிட்டே ஓட்டுனாலும் கண்ணுல குத்தணும்."

"தீயணைப்பு வண்டின்னு நெனைப்பாங்கம்மா!"

"நெனைக்கட்டும். வழி விடுவானுங்க."

தினேஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் தலையைக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?

"சரி, சேப்பே எடுக்கிறேன். ஆனா நம்பர் மட்டும் நான்தான் எடுப்பேன்" என்றாள் மகள்.

இங்கே புதுக் காருக்குப் பிடித்த நம்பரைக் கேட்டு வாங்கலாம். அருண்பிரகாஷ் அதற்கும் ஒரு சிரிப்பை எடுத்துக்கொண்டு வந்தான். "என்ன நம்பர் வேணும் ஆண்ட்டி? ராசி நம்பர் எதாச்சும்..."

"நம்பர் பேச்ச எங்கிட்ட எடுக்காத" என்று வெடித்தாள் அக்கா. "அவ என்னத்தயோ எடுத்துக்கட்டும்." விருட்டென்று வெளியே போய்விட்டாள்.

நான் பின்னால் போனேன். கடைக்கு வெளியே சாக்கடை ஓரம் வெயிலில் நின்றிருந்தாள். கேட்காமலே சொன்னாள். பதினெட்டு வருஷமாக நெஞ்சில் கிடந்ததை, ஏதோ குழம்பில் உப்பு குறைந்த கதை மாதிரிச் சொன்னாள்.

நாலு நம்பர் லாட்டரி பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று நாள் குலுக்கல், நாலே இலக்கம். அதற்கு எங்கள் ஆட்கள் கனவில் நம்பர் தேடுவார்கள், கல்லறையில் தேடுவார்கள், குழந்தை பிறந்த நேரத்தில் தேடுவார்கள். ரோட்டில் வண்டி அடிபட்டால் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது ஆளை அல்ல, நம்பர் தட்டை. அந்த நம்பரில் பணம் கட்டுவதற்கு 'எழுதுவது' என்று பெயர். தலையெழுத்தை எழுதுகிறவன் மேலே ஒருத்தன் இருக்கிறான், அவன் எழுதி முடித்ததும் கீழே இவர்கள் எழுத ஆரம்பிப்பார்கள்.

குணாளன் அண்ணன் அடிபட்ட அன்று தாமானே அவர் மோட்டார் நம்பரை எழுதியது. அந்த வாரமே அது அடித்தது. முதல் பரிசு.

நான் அப்போது ஜொகூரில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். இங்கே இருந்திருந்தால் நானும் எழுதியிருப்பேன், பொய் சொல்வானேன்.

"கருமாதிக்கு முன்னாலயே நாலு வீட்டுல புது டிவி வந்துருச்சு தம்பி" என்றாள் அக்கா. "நம்ம தெரு சுகுமாரன் அண்ணன் வீட்டு இரும்புக் கேட்டு இருக்குல்ல, பூப்போட்ட கேட்டு, அது அப்பப் போட்டதுதான். அந்த மனுசன் ஒரு மூட்டை அரிசியத் தூக்கிட்டு வந்து எங்கிட்ட குடுத்தாரு. 'தங்கச்சி, மச்சான் நம்பர் அடிச்சிருச்சு. ஒனக்கும் பங்கு இருக்கு'ன்னாரு. நல்ல மனசோடதான் குடுத்தாரு. அதான் தாங்க முடியல."

"அந்த அரிசிய என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்ய? வீட்டுல ஒண்ணும் இல்ல. ஆறு வயசுப் பிள்ள பசின்னு அழுவுது. ஆக்கிப் போட்டேன். நானும் தின்னேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நம்பர் அடிச்சது, அரிசி தின்னது, எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்."

அது என்ன நம்பர் என்று நான் அன்று கேட்கவில்லை. பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் ஓடிப்போய் அதைக் கட்டுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

கார் தயாராகிவிட்டது என்று தகவல் வந்தது. நானும் தினேஸ்வரியும் போய் எடுத்து வந்தோம். புது வண்டி நேரே கோயிலுக்குத்தான் போக வேண்டும். அக்கா எலுமிச்சம்பழம், தேங்காய், பூவோடு மாரியம்மன் கோயில் வாசலில் காத்திருந்தாள். தாமான் ஆட்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். ஓசியில் பொங்கல் கிடைக்கும் என்றால் எங்கள் ஆட்களுக்கு பக்தி தானாக வரும்.

சிவப்புக் கார் தக்காளிப் பழம் மாதிரி வந்து நின்றது. அக்கா முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கதவை ஒரு தட்டுத் தட்டினாள், கூரையைத் தடவினாள், அப்படியே முன்பக்கம் வந்தாள். நின்றுவிட்டாள்.

தினேஸ்வரி ஓடி வந்து அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, பாத்தியா? அப்பா மோட்டார் நம்பர்! கேட்டு வாங்குனேன். அப்பா கை வச்சுக் காட்டிக் காட்டிச் சொல்லிக் குடுத்த நம்பர்மா. நான் மொதமொத படிச்சதே இதுதான். அப்பாவும் எங்கூடவே வர்ற மாதிரி இருக்கும்ல?"

அக்கா நம்பர் தட்டையே பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கே விஷயம் புரிந்தது.

அந்த நேரம் பார்த்துச் சுகுமாரன் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கண்ணாடியைத் தூக்கி நம்பர் தட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஆகா! நல்ல நம்பர்லா! ரொம்ப ராசியான நம்பர்!"

"அங்கிளுக்குக்கூட ஞாபகம் இருக்கு பாரும்மா!" என்று பூரித்துப் போனாள் அந்தப் பெண்.

சுகுமாரன் அண்ணன் எழுதிக்கொள்ளத் தேவையில்லை, அவருக்கு மனப்பாடம். ஆனால் பின்னால் நின்றவர்களின் சட்டைப் பையிலிருந்து கைப்பேசிகள் வெளியே வந்தன. படம் பிடிப்பதற்கு. புதுக் கார் நம்பரும் எழுதத் தக்க நம்பர்தானே.

அக்கா அதைப் பார்த்தாள். பூசாரி காருக்குப் பொட்டு வைக்கச் சந்தனக் கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்தார். அந்தக் கிண்ணத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். கை நிறையச் சந்தனத்தை அள்ளி நம்பர் தட்டில் அப்பினாள். நாலு இலக்கமும் மறைகிற வரை, சுவர் பூசுகிறவள் மாதிரிப் பூசினாள்.

"போதும்மா, பொட்டு மாதிரி வச்சாப் போதும்" என்றார் பூசாரி.

"எனக்குப் போதாது சாமி."

பின்னால் போய்ப் பின் தட்டிலும் பூசினாள். எல்லோரும் அவள் பக்தியை மெச்சினார்கள். நான் அருகே போனேன். "அக்கா, பிள்ளகிட்ட சொல்லிருங்க" என்றேன் மெதுவாக.

"சொன்னா இந்தக் காடியத் தொட மாட்டா தம்பி. நாளைக்கே மோட்டார எடுத்துருவா. நீ வாயத் தொறக்காத." சந்தனக் கையால் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

மகள் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு காரை நகர்த்தினாள். அக்கா பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். எப்படித்தான் ஏறினாளோ. அன்று சாயங்காலமே மழை பெய்து சந்தனமெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது.

அந்த வாரம் தாமானே அந்த நம்பரை எழுதியது. அடிக்கவில்லை. ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே சுகுமாரன் அண்ணன் அலுத்துக்கொண்டார்: "உசுரோட இருக்கிற ஆள் நம்பர் அடிக்காதுலா. ஆள் போனாத்தான் அடிக்கும் போல." சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். எனக்கு அந்தத் தேத்தண்ணியை அவர் தலையில் ஊற்றலாம் போல இருந்தது.

திரும்பிப் பார்த்தால் அக்கா நிற்கிறாள், கையில் கட்டிய நாசி லெமாக் பொட்டலத்தோடு. கேட்டுவிட்டாள். கத்துவாள், மண்ணை வாரி இறைப்பாள் என்று பயந்தேன். அவளோ கணக்குப் போடுகிறவள் மாதிரி விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த குலுக்கல் அன்று சாயங்காலம் அவள் வேலி ஓரம் வந்து நின்றாள். பதினெட்டு வருஷமாக நம்பர் என்ற சொல்லையே வாயில் எடுக்காதவள்.

"தம்பி, ஒன் ஃபோன்ல பாரு. அந்த நம்பர் அடிச்சிருச்சா?"

அன்றிலிருந்து இன்று வரை ஒரு குலுக்கலை அவள் விட்டதில்லை. புதன், சனி, ஞாயிறு என்றால் வேலியோரம் வந்துவிடுவாள். மழையென்றால் குடையோடு. தாமானில் பாதி வீடு அந்த நம்பர் அடிக்க வேண்டும் என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது. அடித்துவிடக் கூடாது என்று அம்மனைக் கும்பிடுகிறவள் இவள் ஒருத்தி. மகள் வேலை முடிந்து ஈப்போவிலிருந்து வருகிற நேரமும் அதுதான். ரோட்டில் லோரிகள் போய்க்கொண்டே இருக்கும்.

நேற்றும் வந்தாள்.

"அடிச்சிருச்சா?"

"இல்லக்கா."

"நல்லாப் பாரு. கீழ சின்னதாப் போட்டிருப்பான், ஆறுதல் பரிசு. அதுலயும் இல்லையே?"

கடைசி வரை தள்ளிப் பார்த்தேன். "அதுலயும் இல்லக்கா."

பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள்.

"அப்ப எம் பிள்ள வந்துருவா" என்று சொல்லிவிட்டு, சோற்றுக்கு உலை வைக்க உள்ளே போனாள்.