அழிப்பு: ஒன்று

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கேட்காமல் அனுமதிப் பட்டியலில் கைவைத்தான் என்பதற்காக, கூட வேலை செய்தவனின் கீபோர்டைப் பிடுங்கித் தரையில் அடித்து உடைத்தவன் நான். ஓசூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன். யார் எந்த இயந்திரத்தின் திரையைத் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்பது என் பொறுப்பு.

முன்பெல்லாம் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு சாவி தொங்கும். அதை எடுத்துவிட்டுத் திரை வைத்தார்கள். திரையில் பெயரும் பாஸ்வேர்டும் போட்டால் அது கிளவுடில், அதாவது வெளியூரில் எங்கோ இருக்கும் சர்வரில் போய்க் கேட்கும். அங்கே அனுமதி இருந்தால்தான் இயந்திரம் அசையும். அந்த அனுமதிகளை ஆளாளுக்குக் கையால் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வந்து அதை நிறுத்தினேன். எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் நிரலாக ஒரே கோப்பில் எழுதினேன். கோப்பை ஓட்டினால் கிளவுட் அதில் உள்ளபடி தன்னை மாற்றிக்கொள்ளும். கோப்பில் பெயர் இல்லாதவனின் அனுமதி வெட்டுப்பட்டுப் போகும். "இனிமே எவனாவது கையால குடுத்தான்னா கைய ஒடிச்சிருவேன்" என்று என் பிரிவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

ஊருக்குத்தான் உபதேசம். ஒரு நாள் காலை சானமாவு காட்டுப் பக்கம் யானைக்கூட்டம் ரோட்டை மறித்து நின்றதால் ஷிப்ட் சூபர்வைசரின் பஸ் வரவில்லை. யானை என்று சொல்லிவிட்டால் எங்கள் பக்கம் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. பிரஸ்ஸைப் பழுதுபார்க்கும் திரையைத் திறக்க அவருக்கு மட்டுமே அனுமதி. லைன் நின்றுவிட்டது. எலக்ட்ரீஷியன் அண்ணன் என் மேஜைக்கு வந்தார். கெலமங்கலத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர், வீட்டிலிருந்து களி கொண்டுவந்தால் எனக்கு ஒரு உருண்டை எடுத்து வைக்கிறவர்.

"தம்பி, அவரு வர மத்தியானம் ஆவும். என் பேர ஏத்தி வுடேன்" என்றார்.

கையாலேயே ஏற்றிவிட்டேன். சாயங்காலம் கோப்பில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எழுதவில்லை. அதற்குப் பிறகு சில வாரங்கள் அவர்தான் அந்தத் திரையைத் திறந்து வேலை பார்த்தார்.

ஆடிட் வந்தது. கோப்பில் ஏகப்பட்ட பெயர்களைச் சேர்த்து, ஒரு காலையில் ஓட்டினேன். ஓட்டும் முன் என்னென்ன மாறப்போகிறது என்று அது பட்டியல் போடும். கடைசி வரியில், சேர்ப்பு நாற்பது, அழிப்பு ஒன்று, சம்மதமா என்று கேட்டது. அந்த ஒன்று என்ன என்று மேலே ஏறிப் பார்க்கச் சோம்பல். யெஸ் என்று அடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

சாப்பாட்டு மணிக்குச் சற்று முன் கீழே அலறல் கேட்டது. ஓடி இறங்கினேன். பிரஸ் ஆபரேட்டரின் வலது கை மணிக்கட்டு வரை இயந்திரத்துக்குள் இருந்தது. ஒட்டிக்கொண்ட தகட்டை எடுக்கக் கை விட்டிருக்கிறார், மேல்பாகம் இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர் சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தியிருந்தார். ஆனால் நிறுத்தினால் போதாது. மேல்பாகத்தைத் தூக்கினால்தான் கை வெளியே வரும். தூக்குவதற்குத் திரையைத் திறக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் அண்ணன் பாஸ்வேர்டு போட்டுக்கொண்டிருந்தார். சிவப்புப் பெட்டி வந்தது. மறுபடி போட்டார். மறுபடி சிவப்பு. பாஸ்வேர்டு தப்பானாலும் அனுமதி இல்லாவிட்டாலும் அந்தத் திரையில் ஒரே சிவப்புப் பெட்டிதான் வரும்.

ரத்தம் இரும்பின் விளிம்பில் வழிந்து தரையில் கொட்டியது. ஆபரேட்டர் கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறி அம்மாவைக் கூப்பிட்டார்.

"சரியா போடுங்கண்ணா! கண்ணு தெரியலயா?" என்று கத்தினேன்.

அண்ணன் மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்கினார். அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு நானே போட்டேன். சிவப்பு. "பாஸ்வேர்டையே மறந்துட்டு நிக்கிறீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அதற்குள் ஆபரேட்டரின் சத்தம் நின்றுவிட்டது. மயங்கி, மாட்டிய கையிலேயே தொங்கினார்.

அடுத்த கட்டடத்தில் இருந்த சூபர்வைசரை இழுத்து வந்து மேல்பாகத்தைத் தூக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. வெளியே வந்ததைக் கை என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் தூக்கியிருந்தால் இரண்டு விரலையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

மேலே வந்து உட்கார்ந்தபோதுதான் காலையில் ஓட்டியது நினைவுக்கு வந்தது. ஓட்டியதன் பதிவைத் திறந்து, அழித்தது யாரை என்று பார்த்தேன். எலக்ட்ரீஷியன் அண்ணனின் பெயர். ஒன்பதரை மணிக்கு வெட்டியிருந்தது, வெட்டியவன் நான். லேப்டாப்பை மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. பயம், வேறொன்றுமில்லை.

"எலக்ட்ரீஷியனுக்கு பாஸ்வேர்டு மறந்துபோச்சு, அவ்ளோதானே?" என்று மேனேஜர் கேட்டார். தலையாட்டினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மறுநாளைக்குள் தொழிற்சாலை முழுக்க அதுவே பேச்சாகிவிட்டது.

மூன்றாம் நாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஆபரேட்டரின் தம்பிகள் இருவர் காத்திருந்தார்கள். "ஹொடி அவன்ன", அவனை அடி என்று மூத்தவன் கன்னடத்தில் கத்தியதும், இளையவன் ஹெல்மெட்டால் எலக்ட்ரீஷியன் அண்ணனின் முகத்தில் அடித்தான். புருவம் பிளந்தது. கீழே விழுந்தவரை வயிற்றிலும் முதுகிலும் மிதித்தார்கள். அவர் தடுக்கக்கூட இல்லை. அவர் பின்னாலேயே வந்துகொண்டிருந்த எனக்கு வெறி வந்தது. பாய்ந்து மூத்தவனின் மூக்கில் குத்தினேன். அவன் என் உதட்டைக் கிழித்தான். செக்யூரிட்டிகள் வந்து பிரித்துவிட்டார்கள். "ஆம்பளன்னா இவந்தான்யா" என்று கூட்டத்தில் யாரோ என் முதுகில் தட்டினார். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த அடி நின்றிருக்கும். அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் கை நீட்டினேன். என்னைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

அன்று சாயங்காலமே அண்ணனின் வீட்டுக்குப் போனேன். புருவத்தில் தையலோடு, சுவரைப் பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவரைக் கோப்பில் எழுத மறந்தது, பார்க்காமல் ஓட்டியது, அவர் அனுமதி வெட்டுப்பட்டது, தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டது.

"அப்ப பாஸ்வேர்டு சரிதானா?" என்று கேட்டார்.

"சரிதாண்ணா."

"மூணு நாளா அந்த எட்டெழுத்த வெரலால சொவத்துல போட்டுப் போட்டுப் பாக்கறேன் தம்பி. எங்க தப்புனேன்னே தெரியல. அவனுங்க மிதிக்கறப்போ, மிதிக்கட்டும், நாந்தானே அந்தாளு கைய எடுத்தேன்னு படுத்துக் கெடந்தேன்."

எழுந்து என் கன்னத்தில் அறைந்தார். மறு கன்னத்திலும் அறைந்தார். காலரைப் பிடித்து வாசலுக்குத் தள்ளி, "வண்டிய எடு. ஆஸ்பத்திரிக்கிப் போலாம்" என்றார்.

வார்டுக்கு வெளியே ஆபரேட்டரின் தம்பிகள் இருவரும் பெஞ்சில் இருந்தார்கள். "இவரு மேல தப்பே இல்ல. இவரு அனுமதிய வெட்டுனது நானு" என்று அவர்கள் முன்னால் நின்று சொன்னேன். முதல் அடியிலேயே என் தலை சுவரில் மோதியது. கீழே விழுந்தேன். அண்ணன் என்னைத் தாண்டி வார்டுக்குள் போனார். விலாவில் மிதி விழுந்துகொண்டிருக்கும்போதே, உள்ளே ஆபரேட்டரின் கட்டில் பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது. தேம்பித் தேம்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"நான் சரியாத்தான் போட்டேன்யா. சத்தியமாச் சொல்றேன், சரியாத்தான் போட்டேன்."