கலியாணப் பாட்டுக்கு அடித்த தப்பு

பதினொரு வருடம் நான் மேடையில் ஊர்சனமாக இருந்தேன். கொழும்பில் போடும் சிங்களப் பாட்டு நாடகங்களில் ராசா வந்தால் குனிவேன், ராசா செத்தால் அழுவேன், யாருக்காவது கலியாணமென்றால் பின்வரிசையில் நின்று கைதட்டிப் பாடுவேன். என் குரல் நல்ல குரல் என்று எல்லா இயக்குநர்களும் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் பின்வரிசையைக் காட்டினார்கள். பாடும்போது என் சிங்களத்தில் யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது. வசனம் கொடுத்தால் மட்டும் பேச்சில் தேயிலைத் தோட்டத்துக்காரன் எட்டிப் பார்த்துவிடுவான் என்று அவர்களுக்குப் பயம்.

வெள்ளவத்தையில் ஒரு கடைக்கு மேலே அறை. பக்கத்து அறைக்காரரின் செருப்பைத் தெரியும், முகம் தெரியாது. ஒத்திகை இல்லாத நாட்களில் பேச ஆள் கிடைக்காமல் தொண்டை கட்டிக்கொள்ளும். அதற்காகவே காலையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஸ்வரம் பாடுவேன். தனிமை பழகிவிடும் என்பார்கள். எனக்குப் பழகவில்லை. மலையில் டிக்கோயாவுக்குப் பக்கத்தில், தோட்டத்து லயவீட்டில் இருக்கும் அம்மா போனில் முதலில் கேட்பது, "சாப்டியா?" அடுத்தது, "டிவில எப்பப்பா வருவ?" மேடை நாடகம் டிவியில் வராது என்று அவருக்கு இன்றுவரை என்னால் விளங்கப்படுத்த முடியவில்லை.

அப்போதுதான் ஓர் இயக்குநர் தேயிலைத் தோட்டத்துக் கதை ஒன்றை எடுத்தார். இசையும் அவர்தான். நல்ல மனிதர், என்னை மல்லி என்றுதான் கூப்பிடுவார், சிங்களத்தில் தம்பி. அதில் ஒரு தோட்டத்துக் கலியாணம், மாப்பிள்ளைக்கு ஒரு தமிழ்ப் பாட்டு. அந்த மாப்பிள்ளை நான். நாலு நிமிடம், நான் மட்டும், மேடையின் நடுவில். செய்தி கிடைத்த அன்று சந்தோஷத்தில் கொத்துரொட்டி வாங்கினேன். பகிர்ந்து தின்ன ஆளில்லாமல் இரண்டு வேளைக்கு வைத்துத் தின்றேன்.

முதல் ஒத்திகையில் மேளக்காரர்கள் அடிக்கத் தொடங்கியதும் நான் திரும்பி அவர்களைப் பார்த்தேன். எங்கள் தோட்டங்களில் தப்பு மேளம் சும்மா அடிபடாது. சாமிக்கு ஓர் அடி, கலியாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. லயத்துக்குள் இருந்தபடியே வெளியே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவோம். இது சாவு அடி. அப்பாவைத் தூக்கிப்போனபோது, ஏழு வயதில், இதே அடிக்குப் பின்னால் நடந்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். இயக்குநர் மலையில் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் போனபோது, தூரத்தில் பூ ஜோடித்து ஏதோ தூக்கிப் போவதையும் தப்படிக்கிறவர்கள் முன்னால் ஆடிப் போவதையும் பார்த்து, திருவிழா என்று நினைத்து போனில் பதிந்துகொண்டு வந்திருக்கிறார். அதைத்தான் மேளக்காரர்களுக்குப் பழக்கியிருந்தார்.

அடித்து முடித்ததும் என்னைத்தான் பார்த்தார். "மல்லி, நீ அந்தப் பக்கத்து ஆள். இது சரிதானா?"

அத்தனை வருடத்தில் ஒரு நாடகத்தில் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. பிழை என்று சொன்னால் காட்சி போய்விடும், காட்சியோடு பாட்டும் போய்விடும் என்று பயந்தேன். "ஹரி, சேர்" என்று சிங்களத்தில் சரி சொன்னேன். கோழை என்றால் நான்தான்.

கொழும்பில் எல்லாக் காட்சியிலும் அந்தப் பாட்டுக்கு ஆட்கள் சேர்ந்து கைதட்டினார்கள். சாவு மேளத்துக்குக் கைதட்டுகிறார்கள் என்பது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும் தெரியும். சிரிக்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. மாலை கழுத்தில் கனக்க ஆடிவிட்டு அறைக்குப் போவேன்.

பிறகு எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்து டவுனான ஹட்டனில் ஒரு காட்சி என்றார்கள், ஞாயிறு பின்னேரம். அம்மாவை வரவேண்டாம் என்று சொல்ல இரண்டு தடவை போன் எடுத்தேன். இரண்டு தடவையும் என்ன சேலை உடுத்துவது என்று கேட்டார். தோட்டத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

தலைப்பாகையோடு நான் மேடைக்கு வந்தேன். மேளம் தொடங்கியது. ஒரு கைகூடத் தட்டவில்லை. முன்னால் இருந்த பெரியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்து நின்றார். அவரைப் பார்த்து அடுத்தவர். லயத்தைத் தாண்டிப் பிணம் போகும்போது எழுந்து நிற்பதுபோல் வரிசை வரிசையாக எழுந்தார்கள். அம்மாவும் எழுந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, என்னையே பார்த்தார். நான் பூவும் மஞ்சளும் என்று பாடிக்கொண்டிருந்தேன். ஓரத்தில் நின்ற இயக்குநர் இரண்டு கட்டை விரலையும் உயர்த்திக் காட்டினார். சபை எழுந்து நிற்பதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலில் அம்மா தனியாக நின்றார். "ஒனக்குத் தெரியாமலா ஆடுன?" என்றார்.

"தெரியும்மா."

"நா நம்ம பொம்பளைங்ககிட்ட, அவனுக்குச் சின்ன வயசுலயே தோட்டம் விட்டுப் போச்சு, ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டேன். நீயும் அப்படியே சொல்லிக்க." பஸ்ஸுக்குக் கூட வருகிறேன் என்றேன். "வேணாம். ஒங்க ஆளுங்க வேன்ல காத்துக்கிட்டு இருக்காங்க, போ."

வேனில் எல்லோரும் முதுகில் தட்டினார்கள். கொழும்புக்குத் திரும்பும் வழியில், கினிகத்தேனைக்கு முன்பே இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். அவர் முன்சீட்டிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, "அப்படியென்றால் ஏன் சரி என்றாய்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. அடுத்த காட்சிக்கு முன் அந்தக் கலியாணத்தையே எடுத்துவிட்டார். வெட்கத்தில் எடுத்தார் என்று நினைக்கிறேன். நான் மறுபடி ஊர்சனத்தில் நின்றேன்.

இரண்டு கிழமை கழித்து அம்மாவுக்குச் சொன்னேன், பாட்டை எடுத்துவிட்டார்கள் என்று. ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"பாட்ட ஏன்ப்பா எடுத்தாங்க? பாட்டு நல்லாத்தானே இருந்துச்சு. மேளத்த மாத்தியிருந்தா சரியாப் போயிருக்கும். கலியாண அடி எப்படின்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். பென்சிலால் மேசையில் தட்டிக் காட்டியிருப்பேன், அரை நிமிட வேலை. என்னை யாரும் கேட்கவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்டிருந்தார்கள்.